எந்த அடுக்கு மெலிந்தது? முதுமைக் குரலும் மீளுருவாக்க ஊசிகளும்

காலையில் தெளிவாக இருக்கும் குரல் மாலைக்குள் காற்றாகக் கரைந்துபோகிறது. போனில் பேசினால் மறுமுனையில் "என்னங்க, என்ன சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசக்கூட மூச்சு போதவில்லை. பாடுகிறவர்களுக்கு மேல் ஷட்ஜத்தில் நிற்க முடிவதில்லை. ஐந்து கட்டையில் பாடிய பெண்கள் நாலரைக்கும் நாலுக்கும் இறங்குகிறார்கள். அறுபத்தைந்து, எழுபது வயதுக்கு மேல் இப்படி வருகிறவர்களுக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. "வயசானா அப்படித்தான்" என்பது ஒன்று. "ஒரு ஊசி போட்டா இளமைக் குரல் திரும்பிடும்" என்பது மற்றொன்று. முதல் பதில் வைத்தியம் செய்யக்கூடிய ஒருவரைக் கைவிடுகிறது. இரண்டாவது பதில், எது குறைந்திருக்கிறது என்று பார்க்காமலே விற்பனைக்கு இறங்குகிறது.

வளர்ச்சிக் காரணி (செல்களைத் தூண்டும் புரதம்), பிஆர்பி (தட்டணுக்கள் செறிந்த சொந்த ரத்தப் பிளாஸ்மா), ஸ்டெம் செல் என்று எந்தப் பெயரைக் கேள்விப்பட்டாலும், அந்த ஊசி குரல்நாணின் எந்த அடுக்கைச் சரிசெய்யப் போகிறது, நம்முடைய நாணில் மெலிந்திருப்பது அந்த அடுக்குதானா என்ற கேள்விக்கு முதலில் விடை தெரிய வேண்டும். மருந்தின் பெயர் அதற்குப் பிறகுதான்.

நாணின் அமைப்பு

குரல்வளைக்குள் முன்னிருந்து பின்னாக நீண்டிருக்கும் இரண்டு மடிப்புகள்தான் குரல்நாண்கள். பேசும்போது ஆணுக்கு நொடிக்கு நூற்றுச் சொச்சம் தடவையும் பெண்ணுக்கு ஏறத்தாழ 200 தடவையும் அவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மினோரு ஹிரானோ 1970களில் இந்த மடிப்பை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். உள்ளே தசை, மேலே போர்வை. போர்வையின் வெளிப்புறம் மெல்லிய தோல். அதற்குக் கீழே ரெயின்கே இடைவெளி எனப்படும் கூழ் போன்ற மேலடுக்கு. அதற்கும் கீழே எலாஸ்டின், கொலாஜன் நார்கள் நிறைந்த நடு அடுக்கும் ஆழ அடுக்கும். அவை இரண்டும் சேர்ந்ததுதான் குரல்நாணின் தசைநார். பேசும்போது அலையாக உருண்டு போவது அந்தக் கூழ் அடுக்கு. நாணின் நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்.

அந்த அரை மில்லிமீட்டருக்குள்தான் குரலின் மென்மை இருக்கிறது. அதில் ஹயலூரோனிக் அமிலம் என்ற சர்க்கரைச் சங்கிலி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் அடுக்கு வழவழப்பாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கிறது. இந்த அமிலத்தையும் நார்களையும் தயாரிப்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். வயதாகும்போது இந்தச் செல்கள் சோம்பிவிடுகின்றன. ஹயலூரோனிக் அமிலம் குறைகிறது. பழைய கொலாஜன் அகற்றப்படாமல் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து இறுகுகிறது. எலாஸ்டின் நார்கள் வடிவம் மாறுகின்றன. கூழ் அடுக்கு மெலிந்து விறைத்துப்போகிறது.

கூடவே உள்ளே இருக்கும் தசையும் சூம்புகிறது. கை, தொடைத் தசைகள் கரைவது போலத்தான். தசை சூம்பினால் நாணின் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் வில்லாக வளைகிறது. இரண்டு நாண்களும் மூடும்போது நடுவில் நூற்கதிர் வடிவத்தில் ஒரு இடைவெளி மிஞ்சுகிறது. அதன் வழியே காற்று வீணாகிறது. நுரையீரலின் கொள்ளளவும் வயதோடு குறைந்திருப்பதால் இருக்கிற கொஞ்சக் காற்றும் ஒழுகிப்போகிறது. குரல்வளைக் குருத்தெலும்புகள் எலும்பாக இறுகுவதும் சேர்ந்துகொள்கிறது.

ஆண்களுக்கு நாண் மெலிவதால் சுருதி கொஞ்சம் ஏறுகிறது. கணீரென்ற குரல் கீச்சுக் குரலாகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாற்றத்தால் நாண் சற்றுக் கனத்து, சுருதி இறங்குகிறது. ஒரே வயதுக் கணவன் மனைவி இருவரின் குரலும் எதிரெதிர்த் திசையில் நகர்வது இதனால்தான். ஆகவே "வயதான குரலுக்கு" என்று இருவருக்கும் ஒரே வைத்தியம் சொல்வதே சந்தேகத்துக்குரியது.

பார்க்காமல் ஊசி இல்லை

நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மலுக்கு, வயது என்னவானாலும், குரல்வளையை உள்நோக்கிக் கருவியால் பார்த்தாக வேண்டும். முதுமையால் மெலிந்த குரல் என்பது மற்றவை எல்லாம் இல்லை என்று உறுதியான பிறகு வைக்க வேண்டிய பெயர். புகைபிடித்தவருக்குக் குரல்வளைப் புற்றுநோய், ஒரு பக்க நாண் செயலிழப்பு, பார்க்கின்சன் நோயின் தொடக்கத்தில் வரும் சன்னக் குரல், குரல் நடுக்கம், தைராய்டு குறைபாடு எல்லாமே "வயசுதான்" என்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கு நாண் மீது பூஞ்சை படரலாம். நீர் பிரிய மாத்திரை, சளிக்கான ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை போன்றவை தொண்டையை வறளவைத்து அதே குரலைக் கொண்டுவரும். மாத்திரையை மாற்றினாலே பாதி சரியாவதுண்டு.

சாதாரண எண்டோஸ்கோப் மட்டும் போதாது. நாண் அசைகிறதா, கட்டி இருக்கிறதா என்பதை அது காட்டும். கூழ் அடுக்கு அலையாக உருள்கிறதா என்பதைக் காட்டாது. அதற்கு ஸ்ட்ரோபோஸ்கோபி வேண்டும். குரலின் அதிர்வெண்ணோடு இணைந்து விட்டுவிட்டு மின்னும் ஒளியில் நாண் மெதுவாக அசைவது போலத் தெரியும். அப்போது இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்: விளிம்பு எவ்வளவு வளைந்து இடைவெளி விடுகிறது, அலை எவ்வளவு தூரம் உருள்கிறது. இடைவெளி பெரிதாக, அலை நன்றாக இருந்தால் குறை தசையிலும் பருமனிலும். இடைவெளி சிறிதாக, அலை தேய்ந்திருந்தால் குறை கூழ் அடுக்கில். முதியவர்கள் பலரிடம் இரண்டும் கலந்தே இருக்கும். ஆனால் எது மேலோங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியத்தின் வரிசை மாறும்.

கூடவே மூன்று அளவைகள். நன்றாக மூச்சிழுத்து ஒரே மூச்சில் "ஆ" என்று எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்பது முதலாவது. மூன்று தடவை செய்து, மிக நீண்டதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 10 நொடிக்குக் கீழே போனால் காற்று ஒழுகுகிறது என்று பொருள். இரண்டாவது, ஜப்பானியர் வகுத்த ஜிஆர்பிஏஎஸ் மதிப்பீடு: கம்மல், கரகரப்பு, காற்றொழுக்கு, பலவீனம், இறுக்கம் என ஐந்துக்கும் 0 முதல் 3 வரை காதால் கேட்டுப் போடும் மதிப்பெண். மூன்றாவது விஎச்ஐ-10 என்ற பத்துக் கேள்வித் தாள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. மொத்தம் 11-ஐத் தாண்டினால் குரல் அன்றாட வாழ்க்கையைத் தடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றும் குரல் பதிவும் ஊசிக்கு முன்பே கையில் இல்லையென்றால், பிறகு "தேவலாம் போல இருக்கு" என்பதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

வீட்டில் இருப்பவர்களின் காதையும் சோதித்துவிடுவது நல்லது. கணவர் குரலை உயர்த்திக் கத்த வேண்டியிருப்பதற்கு மனைவியின் காது மந்தமே காரணமாக இருந்தால், காதுக் கருவி வாங்குவது எந்த ஊசியையும்விடப் பயன் தரும்.

பயிற்சி: யாரும் விளம்பரம் செய்யாத மீளுருவாக்கம்

தசையைத் திரும்ப வளர்க்க இன்று கையில் இருக்கும் ஒரே நம்பகமான வழி அதை வேலை வாங்குவதுதான். அமெரிக்கப் பேச்சு நிபுணர் ஜோசப் ஸ்டெம்பிள் வகுத்த குரல் இயக்கப் பயிற்சி இதில் அதிகம் பயன்படுத்தப்படுவது. நான்கு படிகள். ஹார்மோனியத்தில் 4-ஆம் கட்டையைப் பிடித்து (பெண்கள் நடு 1-ஆம் கட்டைக்கு மேலே இருக்கும் நாலு, ஆண்கள் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே) "ஈ" என்று மூக்கு எலும்பில் அதிர்வு தெரியும்படி, சன்னமாக, முடிந்த மட்டும் நீட்டுவது முதல் படி. "நோல்" என்று தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை உடையாமல் வழுக்கி ஏறுவது இரண்டாவது. அதே ஒலியில் உச்சத்திலிருந்து கீழே இறங்குவது மூன்றாவது. 1, 2, 3, 4, 5 கட்டைகளில் ஒவ்வொன்றாக "ஓல்" என்று, முடிந்த நேரம் வரை பிடிப்பது நான்காவது. ஒவ்வொன்றும் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஆறு முதல் எட்டு வாரம். நீட்டிய நொடிகளை ஒரு தாளில் குறித்துவர வேண்டும்.

இதில் பிழை எங்கே நடக்கிறது என்றால் சத்தத்தில். சன்னமாகச் செய்யச் சொன்னதை உரக்கச் செய்கிறார்கள். அப்போது கழுத்துத் தசைகள் முறுக்கிக்கொண்டு, உண்மை நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்நாண்கள் நெருக்கத் தொடங்கும். இரண்டு வாரத்தில் தொண்டை வலி வரும், பயிற்சி நின்றுவிடும். சன்னமாகவும் அதே சமயம் காற்று ஒழுகாமலும் பிடிப்பதில்தான் தசைக்கு வேலை இருக்கிறது. சுருதி கேட்காதவர்களுக்கு உறிஞ்சுகுழல் பயிற்சி எளிது: கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, குழலின் முனையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் முக்கி, குமிழி இடைவிடாமல் வரும்படி "ஊ" என்று சுருதி ஏற்றி இறக்க வேண்டும். குழலின் எதிரழுத்தம் நாண்களை முரட்டுத்தனமாக மோதவிடாமல் தடுக்கிறது.

உரத்த குரலையே பயிற்சியாக வைக்கும் இன்னொரு முறையும் உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வாரம் நான்கு அமர்வு, நான்கு வாரம் என்று நடத்தப்படும் பயிற்சியிலிருந்து முதியோருக்காக மாற்றியமைத்தது அது. 2014-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் ஸ்டெம்பிள் முறையையும் இதையும் ஒப்பிட்டபோது இரண்டிலுமே குரல் சார்ந்த வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. ஆனால் இதைப் பேச்சுப் பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து கேட்டுத் திருத்தாமல் தானாகச் செய்யக்கூடாது.

பயிற்சியைச் செய்து பார்க்காதவருக்கு ஊசி பேசுவதை நான் ஏற்பதில்லை. செலவு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஊசியால் பருமன் கூடினாலும், பல வருடமாக ஒழுகும் காற்றுக்கு ஈடாகத் தொண்டையை நெருக்கிப் பேசிப் பழகிய பழக்கம் தானாகப் போகாது.

நிரப்புவதும் வளர்ப்பதும் வேறு

மீளுருவாக்கம் என்ற பெயரில் விற்கப்படுவதில் கணிசமான பங்கு நிரப்புதல்தான். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் ஜெல் இரண்டு மூன்று மாதம் நிற்கும். ஹயலூரோனிக் அமில ஜெல் அரை வருடம் போல. கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் ஒன்றரை வருடம் வரைகூட. இவை நாணின் ஆழத்தில், தசைக்குள்ளோ தசையை ஒட்டியோ வைக்கப்பட்டு, வளைந்த விளிம்பை நடுவுக்குத் தள்ளுகின்றன. இடைவெளிதான் முக்கியக் குறை என்றால் நல்ல வைத்தியம். நிரந்தரமாக வேண்டுமென்றால் கியோட்டோவின் நொபுஹிகோ இஷ்ஷிகி 1974-இல் முறைப்படுத்திய தைரோபிளாஸ்டி இருக்கிறது: குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, நோயாளி விழித்திருந்து பேசப் பேச, குரலைக் கேட்டுக்கொண்டே நாணை உள்ளே தள்ளி நிறுத்துவார்கள்.

இவை எதுவும் கூழ் அடுக்கைத் திருப்பித் தராது. கால்சியம் ஊசி தவறி மேலடுக்கில் விழுந்தால் இருக்கிற அலையும் விறைத்துப்போய், மாதக்கணக்கில் கரகரப்பாகவே நிற்கும். வயிற்றுக் கொழுப்பை எடுத்துப் போடுவதில் கொழுப்போடு ஸ்டெம் செல்களும் போகின்றன என்பது உண்மை. ஆனால் ஆழத்தில் வைக்கப்படும் அந்தக் கொழுப்பு முக்கியமாகப் பருமனைத்தான் தருகிறது. ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதால் வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்காவது அதிகம் போடுவார்கள். அதனால் முதல் சில வாரம் குரல் முன்பைவிட மோசமாக, அமுக்கப்பட்டது போல இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி பயந்துபோவார்.

கூழ் அடுக்கை வளர்க்கும் முயற்சி

உண்மையான மீளுருவாக்க வேலை பெரும்பாலும் ஜப்பானில் நடந்தது. கியோட்டோவில் ஷிகேரு ஹிரானோவும் (முன்னே சொன்ன மினோரு ஹிரானோ வேறொருவர்) அவருடைய குழுவும் எடுத்துக்கொண்டது அடிப்படை ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி என்ற புரதம். அதன் மருந்து வடிவம் டிராஃபெர்மின். ஜப்பானில் 2001 முதல் படுக்கைப்புண், தோல்புண்களுக்குத் தெளிக்கும் மருந்தாக விற்பனையில் இருக்கிறது. 2016-இல் பல் ஈறு நோய்க்கும் 2019-இல் செவிப்பறைத் துளைக்கும் அங்கே தனித்தனி வடிவங்களில் அனுமதி கிடைத்தது. குரல்நாணுக்கு அப்படி ஒரு அனுமதியோடு வந்த மருந்தல்ல. புண்ணுக்கான மருந்தைத்தான் மருத்துவமனை நெறிக்குழுவின் ஒப்புதலோடு நாணில் செலுத்தினார்கள்.

இதன் தர்க்கம் நேரானது. சோம்பிய ஃபைப்ரோபிளாஸ்டைத் தட்டியெழுப்பினால் அது மறுபடி ஹயலூரோனிக் அமிலம் தயாரிக்கும். இறுகிய கொலாஜனைக் கரைக்கும் நொதிகளையும் கூடுதலாக வெளியிடும். வயதான எலிகளின் நாண்களில் செலுத்திப் பார்த்தபோது அமிலம் கூடியது, கொலாஜன் குறைந்தது. 2008-இல் அறுபதைக் கடந்த ஒரு ஆணுக்குச் செய்த முதல் மனித முயற்சி வெளியானது; பிறகு சிறு குழுக்களில் தொடர்ந்தார்கள். "ஆ" பிடிக்கும் நேரம் கூடியது, காற்றொழுக்கு குறைந்தது, அலை பெரிதானது என்று முடிவுகள் வந்தன. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வுகள் என்பதை மறக்கக்கூடாது. வெறும் உப்புநீர் ஊசி போட்டாலும், ஊசி போட்டதாலேயே சிலர் கவனமாகப் பேசத் தொடங்குவார்கள். அந்தப் பங்கைக் கழித்துப் பார்க்கும் வழி இந்த ஆய்வுகளில் இல்லை.

அளவு மிகச் சிறியது. கியோட்டோ குழு பயன்படுத்தியது ஒரு நாணுக்கு 10 மைக்ரோகிராம், அரை மில்லி உப்புநீரில். சில இடங்களில் ஒரே தடவை, சில இடங்களில் வாரம் ஒன்றாக நான்கு தடவை. புண்ணுக்கான மருந்தைக் குப்பியோடு வரும் கரைப்பானில் கரைத்தால் ஒரு மில்லியில் 100 மைக்ரோகிராம் இருக்கும். நாணுக்குத் தேவையானது மில்லிக்கு 20. அதாவது ஐந்து மடங்கு மேலும் நீர்க்க வைக்க வேண்டும். இந்த இடத்தில் கணக்குத் தவறினால் ஐந்து மடங்கு மருந்து நாணுக்குள் போகும். இந்தப் புரதம் திசுவில் சீக்கிரமே சிதைந்துவிடுவதால்தான் வாரந்தோறும் போடுகிறார்கள். கியோட்டோவின் யசுஹிகோ தபாதா உருவாக்கிய ஜெலட்டின் ஜெல்லில் புரதத்தைப் பிணைத்து, மெல்ல மெல்லக் கசியவிடும் வழியும் முயன்று பார்க்கப்பட்டது.

ஊசி போடும் விதம் வெளிநோயாளிப் பிரிவிலேயே முடியக்கூடியது. மூக்கிலும் தொண்டையிலும் 4 சதவீத லிக்னோகெய்ன் தெளித்து, நாண்கள் மீதும் சொட்டி மரக்கவைப்பார்கள். ஒரு மில்லியில் 40 மில்லிகிராம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு 6 மில்லி போனாலே எச்சரிக்கை எல்லை நெருங்கிவிடும். உதடு மரத்துப்போவது, காதில் ரீங்காரம், படபடப்பு என்றால் உடனே நிறுத்த வேண்டும். பிறகு மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில் நாணைப் பார்த்துக்கொண்டே, வாய் வழியாக வளைந்த ஊசியையோ கழுத்தில் தோல் வழியாக நேர் ஊசியையோ செலுத்துவார்கள்.

கடினம் ஆழத்தில் இருக்கிறது. குறி வைக்கும் கூழ் அடுக்கு அரை மில்லிமீட்டர். 25 கேஜ் ஊசியின் வெளிவிட்டமே அரை மில்லிமீட்டர். 23 கேஜ் அதைவிடத் தடிமன். அடுக்கும் ஊசியும் ஒரே பருமன். கொஞ்சம் ஆழமாகப் போனால் மருந்து தசைக்குள் பரவி வீணாகும். மிக மேலோட்டமாகப் போனால் தோல் கொப்புளமாக எழும்பும், துளை வழியே மருந்து திரும்பி வழியும். சரியாக விழுந்தால் நாணின் மேற்பரப்பு சீராக, ஒளி ஊடுருவும்படி மெல்ல உப்பிவருவதைத் திரையில் பார்க்கலாம். அந்த நேரத்தில் நோயாளி இருமினாலோ விழுங்கினாலோ ஊசி இழுத்துக் கிழிக்கும். அதனால்தான் மரக்கவைப்பதில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழிக்கும் டாக்டர் நல்ல டாக்டர்.

ஊசிக்குப் பிறகு தொண்டை மரத்திருக்கும் வரை, குறைந்தது இரண்டு மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. குடித்தால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். ஓரிரு நாள் பேசாமல் இருக்கச் சொல்வார்கள். முதல் வாரத்தில் நாண் சிவந்து வீங்குவதால் குரல் கம்மும். இது தானாக வடியும். முதல் சில நாளில் குரல் கனத்துக் கேட்டால் அது மருந்து வேலை செய்ததற்கு அடையாளம் அல்ல, அரை மில்லி திரவத்தின் வீக்கம். அடுக்கு வளர்ந்திருக்கிறதா என்பதை மூன்று மாதம் கழித்து, அதே ஸ்ட்ரோபோஸ்கோபியும் அதே மூன்று அளவைகளும் எடுத்துத்தான் சொல்ல முடியும்.

செல்களைப் பெருக்கத் தூண்டும், புதிய ரத்தக்குழாய்களை வளர்க்கும் மருந்து இது. நாணில் வெள்ளைப் படலமோ சந்தேகமான தடிப்போ இருந்தால், குரல்வளையில் புற்றுநோய் வந்தவராக இருந்தால், இந்த ஊசி கூடாது. தீவிரமாகப் புகைப்பவருக்கு முதலில் புகையை நிறுத்தி, நாணைச் சுத்தமாகப் பரிசோதித்த பிறகே பேச்சு.

ஹெபடோசைட் வளர்ச்சிக் காரணி என்ற மற்றொரு புரதத்தையும் ஹிரானோ குழு 18 பேருக்கு 1, 3, 10 மைக்ரோகிராம் அளவுகளில் வாரம் ஒன்றாக நான்கு தடவை போட்டு, 2018-இல் முடிவை வெளியிட்டது. பாதுகாப்பாக இருந்தது. ஆனால் அது நாண் தழும்புக்கும் பள்ளத்துக்கும் ஆனது, முதுமை மெலிவுக்கு அல்ல. தழும்பு ஆய்வைக் காட்டி முதுமைக்கு விற்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் குழப்படி. ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களைக் குரல்நாணில் போட்டுப் பார்த்ததும் தழும்புக்காகத்தான்.

பிஆர்பியும் செல்களும்

நம்மூரில் முழங்காலுக்கும் முடி உதிர்வுக்கும் பழகிப்போன பிஆர்பி குரலுக்கும் வந்துவிட்டது. 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் சிட்ரேட் கலந்து, சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் சில மடங்கு செறிந்த பிளாஸ்மாவைத் திரும்பச் செலுத்துவது. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை அச்சம் குறைவு. அமெரிக்காவில் தொடர் ஊசிகளாகப் போட்டுப் பார்த்த சிறு ஆய்வுகளில் பெரிய ஆபத்து தெரியவில்லை. ஆனால் எனக்கு இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன. முதலாவது, ஒவ்வொருவர் ரத்தத்திலும் ஒவ்வொரு கருவியிலும் செறிவு மாறுகிறது. சுழற்சியில் பிசகி வெள்ளணுக்களும் சிவப்பணுக்களும் கலந்தால் அழற்சி கூடும். இரண்டாவது, தட்டணுக்கள் வெளியிடும் காரணிகளில் டிஜிஎஃப்-பீட்டாவும் ஒன்று. அது தழும்பை வளர்ப்பதில் பேர்போனது. முழங்காலில் கொஞ்சம் நார் கூடினால் யாருக்கும் தெரியாது. அரை மில்லிமீட்டர் கூழ் அடுக்கில் கூடினால் குரல் போய்விடும். நாணின் மெலிவுக்குப் பிஆர்பி வேலை செய்கிறது என்று சொல்லப் பெரிய, ஒப்பீட்டோடு கூடிய ஆய்வு வேண்டும்.

செல் வைத்தியத்தில் தழும்போடு முதுமை மெலிவையும் எடுத்துக்கொண்ட ஒப்பீட்டு ஆய்வு ஒன்று 2020-இல் அமெரிக்காவில் வெளியானது. நோயாளியின் ஃபைப்ரோபிளாஸ்டுகளையே எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி, கோடிக் கணக்கில் நாணில் செலுத்தினார்கள். ஒப்பீட்டுக்குச் சிலருக்கு உப்புநீர். பங்கேற்றவர்கள் 21 பேர்தான். சிலருக்கு அலை மேம்பட்டது என்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் செல்லை வளர்க்க வாரக்கணக்கில் ஆகும்; கிருமி புகாத ஆய்வகம் வேண்டும்; செலவு கண்ணைக் கட்டும்.

பெயர் கவர்ச்சி இல்லாததால் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வழியும் இருக்கிறது. டோக்கியோவில் கோயிச்சி ட்சுனோதா 1990களின் கடைசியில் தொடங்கியது: காதுக்கு மேல் பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, கூழ் அடுக்கில் சிறு பை போலத் திறந்து அதற்குள் வைப்பது. மயக்க மருந்தோடு செய்யும் நுண் அறுவை. குரல் உடனே தேறாது. மாதங்கள் போகப் போக, ஒரு வருடம் வரைகூட மெல்ல மேம்படும். புரதமோ ஆய்வகமோ தேவையில்லை. கை தேர்ந்த அறுவை நிபுணர் மட்டும் தேவை.

தசையைப் பொறுத்தவரை ஊசி இன்னும் மனிதர்களுக்கு வரவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வயதான செம்மறியாடுகளின் குரல் நரம்பைச் சில வாரம் மின்தூண்டல் செய்தபோது சூம்பிய நாண்தசை பருத்தது. மனிதர்களுக்கு அப்படி ஒன்று வரும்வரை ஹார்மோனியத்தின் 4-ஆம் கட்டைப் பயிற்சிதான்.

பணம் கட்டுவதற்கு முன்

இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் நெறிமுறைகளின்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆய்வுதான். ஆய்வு என்றால் அது சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். நெறிக்குழு ஒப்புதல் இருக்க வேண்டும். பங்கேற்பவரிடம் அந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக்கூடாது. "குரலுக்கு ஸ்டெம் செல், பேக்கேஜ் இவ்வளவு" என்று யாராவது சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் கொடுத்தால் பதிவேட்டின் இணையதளத்தில் தேடி, அதில் எழுதியிருக்கும் நோய் முதுமை மெலிவுதானா, தழும்பா என்று படியுங்கள்.

பிஆர்பியோ வளர்ச்சிக் காரணியோ பேசப்பட்டால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில. என் ஸ்ட்ரோபோஸ்கோபி வீடியோவில் அலை எங்கே தேய்ந்திருக்கிறது, காட்டுங்கள். ஊசி எந்த அடுக்கில் விழும், எந்த வழியாக, எத்தனை கேஜ்? ஒரு நாணுக்கு எத்தனை மைக்ரோகிராம், யார் நீர்க்க வைப்பார்கள்? மூன்றாம் மாதம் எந்த அளவையை எதனோடு ஒப்பிடுவீர்கள்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்; தானாக நிறுத்தக்கூடாது. வீடியோவின் நகலைப் பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் ஊசிக்கு முந்தைய நாணை அவர் பார்க்க அது ஒன்றுதான் வழி.